பத்து மைக்ரோகிராம் ஓடும் ஒரு காலிக் குப்பியும்

ஈரத் தூரிகையின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்த அந்த ஓட்டின் குறுக்களவு கால் மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். நுண்தராசு 9 என்றும் 11 என்றும் மாறி மாறிக் காட்டிவிட்டு 10 மைக்ரோகிராமில் நின்றது. வங்காள விரிகுடாவின் அடித்தரைச் சேற்றைச் சலித்து எடுத்த குளோபிஜெரினாய்டஸ் ரூபர். கடலின் மேல்மட்டத்தில் மிதந்து, ஏறத்தாழ ஒரு மாதம் வாழ்ந்து, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொண்டு, பிறகு மூழ்கிப்போன ஒற்றைச் செல் உயிர். ஃபோராமினிஃபெரா என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. ஆய்வகத்தில் சுருக்கமாக ஃபோராம். அது வாழ்ந்த மாதத்தில் கடல்நீர் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு நன்னீர் கலந்திருந்தது என்பதெல்லாம் அந்த ஓட்டின் ஆக்சிஜனில் பதிந்திருக்கிறது. அதை அந்த ஒரே ஓட்டிலிருந்து படிப்பதற்காக ஓராண்டுக்கு மேல் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமான முறையில் இருபது, முப்பது ஓடுகளைச் சேர்த்து நசுக்கி, ஒன்றாகக் கலந்து அளப்பார்கள். கிடைப்பது சராசரி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தப் பானைக்குப் பொருந்தாது. ஒரு சென்டிமீட்டர் சேற்றில் பல நூறு ஆண்டுகளின் ஓடுகள் கலந்து கிடக்கும். ஒன்று ஏப்ரல் மாதத்துச் சூட்டில் வளர்ந்திருக்கும், இன்னொன்று கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீர் கடல்மேல் பரவிக் கிடந்த அக்டோபரில் வளர்ந்திருக்கும். சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பருவமழை எவ்வளவு ஏறி இறங்கியது என்று தெரிய வேண்டுமானால், ஓடுகளுக்கு இடையே உள்ள சிதறலே நமக்குத் தேவை.

10 மைக்ரோகிராம் கால்சியம் கார்பனேட்டை அமிலத்தில் கரைத்தால் 100 நானோமோல் கார்பன் டை ஆக்சைடு வரும். அறை வெப்பநிலையில் அதன் கன அளவு இரண்டரை மைக்ரோலிட்டர்கூட இல்லை. கார்பனிலும் ஆக்சிஜனிலும் சற்றுக் கனமான வகைகள் (ஐசோடோப்புகள்) உண்டு: கார்பன்-13, ஆக்சிஜன்-18. அதனால் அந்த வாயுவின் மூலக்கூறுகள் நிறை 44, 45, 46 எனப் பிரியும். இந்த மூன்றும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை, ஆயிரத்தில் ஒரு பங்கின் பத்தில் ஒரு பங்கு வரை சரியாக அளக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கைப் பெர்மில் என்கிறோம். ஓட்டின் ஆக்சிஜன்-18 மதிப்பு சுமார் 0.22 பெர்மில் மாறினால் கடல்நீர் ஒரு டிகிரி செல்சியஸ் மாறியதாகப் பொருள். 0.1 பெர்மில்லுக்குள் அளவு நிற்காவிட்டால் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

இது புதிய ஆசை அல்ல. ஹெரால்ட் யூரி 1947-இல் ஐசோடோப்புகளின் வெப்ப இயக்கவியலைக் கணக்கிட்டுக் காட்டியபோதே ஓடு ஒரு வெப்பமானி ஆகிவிட்டது. சிகாகோவில் அவர் குழு தென் கரோலினாவின் பீ டீ படிவத்தில் கிடைத்த பெலெம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடலுயிர்) புதைபடிவத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டது. இன்றைக்கும் அந்தப் பெயரிலேயே அளவு சொல்கிறோம்: அதைவிட எத்தனை பெர்மில் கூடுதல் (+) அல்லது குறைவு (-) என்று. 1955-இல் செசாரே எமிலியானி ஃபோராம் ஓடுகளிலிருந்து பனியுகங்களைப் படித்தார். நிக்கோலஸ் ஷேக்கிள்டன் 1960-களில் கேம்பிரிட்ஜில் கருவியைத் திருத்தித் திருத்தித் தேவைப்படும் மாதிரியின் அளவைக் குறைத்துக்கொண்டே போனார். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான கார்பனேட்டை அளந்து காட்டினார்கள். 2020-இல் ஹூபர்ட் ஃபான்ஹோஃபும் சக ஆய்வாளர்களும், ஹீலியம் ஓட்டத்தில் வேலை செய்யும் சாதாரண வாயுத் தயாரிப்புக் கருவியோடு ஒரு குளிர்ப்பொறியை இணைத்து 5 மைக்ரோகிராமுக்குக் கீழே போனார்கள். அந்தக் கட்டுரைதான் எனக்குத் துணிச்சல் தந்தது. எங்களிடம் இருந்ததும் அந்த வகைக் கருவிதான்.

குளிர்ப்பொறி ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண முறையில் குப்பியில் ஓட்டைப் போட்டு, ஹீலியத்தால் காற்றை வெளியேற்றி, பாஸ்பாரிக் அமிலம் விட்டு, 70 டிகிரியில் வினை முடிந்ததும் குப்பியின் மேல்வெளியிலிருந்து சிறு சிறு பங்காக வாயுவை எடுத்து, மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அனுப்புவோம். குப்பி 12 மில்லிலிட்டர். ஒவ்வொரு தடவையும் எடுக்கும் பங்கு 100 மைக்ரோலிட்டர். அதாவது ஓட்டிலிருந்து வந்த வாயுவில் பெரும்பகுதி அளக்கப்படாமலே போய்விடுகிறது. குளிர்ப்பொறி இருந்தால் மேல்வெளி முழுவதையும் மெதுவாக ஹீலியத்தால் தள்ளி, திரவ நைட்ரஜனில் மூழ்கிய மெல்லிய எஃகுக் குழாய் வழியே செலுத்தலாம். கழித்தல் 196 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு குழாய்ச் சுவரில் உறைந்து நின்றுவிடும், ஹீலியம் போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்ததும் குழாயை வெளியே தூக்கினால் மொத்த வாயுவும் ஒரே கூர்மையான துடிப்பாக வரும். திரையில் அது ஒரு சிகரமாகத் தெரியும்.

பொறியை நாங்களே கட்டினோம். பதினாறில் ஓர் அங்குல வெளிவிட்டம் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் குழாயை ஆங்கில யூ வடிவில் வளைத்து, உள்ளே மெல்லிய நிக்கல் கம்பி ஒன்றைச் செருகினேன். கம்பி இல்லாமல் ஓட்டியபோது ஹீலியத்தின் வேகத்தைக் கூட்டினால் சிகரம் சிறுத்தது. உறைந்த வாயு நுண்பனியாகி ஹீலியத்தோடு பறந்து தப்பிக்கிறது என்று நினைக்கிறேன். கம்பி போட்ட பிறகு அந்த இழப்பு நின்றது. திரவ நைட்ரஜனுக்கு அகலவாய் எஃகு ஃபிளாஸ்க். மூடியை ஒருபோதும் போடக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆவியாகும் நைட்ரஜன் அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். ஃபிளாஸ்க்கை ஏற்றி இறக்க முதல் இரண்டு மாதம் என் கைதான். பிறகு காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரு சிறு பிஸ்டன் கிடைத்தது.

கடற்கரை ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு, குளிர்நாட்டு ஆய்வகங்கள் எழுதும் செய்முறைகளில் நான் பார்க்காதது. குழாயை வெளியே தூக்கிய அடுத்த நொடி காற்றின் ஈரம் அதன்மேல் வெண்பனியாகப் படிந்துவிடும். அந்தப் பனிச்சட்டை குழாயைக் குளிராகவே வைத்திருக்கும். வாயு சட்டென்று விடுபடாமல் இழுபடும். சிகரம் அகலமாகிக் குட்டையாகும். முடி உலர்த்தும் கருவி ஒன்றைப் பக்கத்தில் பொருத்தி, குழாய் மேலே வந்ததும் 20 நொடி வெப்பக் காற்று அடிக்குமாறு செய்தேன். சிகரம் நிமிர்ந்துவிட்டது.

பொறி வேலை செய்கிறது என்ற மகிழ்ச்சியில் நேராக ஓட்டுக்குப் போயிருப்பேன். எங்கள் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் அண்ணன்தான் தடுத்தார். “தம்பி, மொதல்ல காலிக் குப்பிய ஓட்டு. அதுல என்ன வருதுன்னு பாரு. அப்புறம் ஓடு.”

காலிக் குப்பியில் சிகரம் வந்தது. சில குப்பிகளில் 8 நானோமோல், ஒன்றில் 30, இன்னொன்றில் கிட்டத்தட்ட ஒரு முழு ஓட்டின் அளவு.

முதல் சந்தேகம் காற்று. இன்றைய காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. 12 மில்லிலிட்டர் குப்பியில் அடைபட்ட காற்றில் அது 200 நானோமோல் வரும், நம் ஓடு தருவதைப்போல இரண்டு மடங்கு. குப்பியில் ஆயிரத்தில் ஒரு பங்கு காற்று மிஞ்சினாலே கணக்கில் எடுக்க வேண்டும். கணக்குப்படி நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் ஹீலியம் விட்டால் ஒரு நிமிடத்துக்குள் அந்த நிலையை எட்டிவிடலாம். நடைமுறையில் மூடியின் மடிப்பிலும் ஊசியின் அடிப்பாகத்திலும் காற்று ஒளிந்துகொள்கிறது. 6 நிமிடத்தை 12 ஆக்கினேன். ஒவ்வொரு குப்பிக்கும் புதிய ரப்பர் மூடி போட்டேன். கசிவைத் தேட, நிறை 40-ஐத் திரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஆர்கான் வாயுவை மெல்ல ஊதினேன். வால்வுக்குப் பின்னால் இருந்த ஒரு இணைப்பில் கோடு குதித்தது. கால் சுற்று இறுக்கியதும் அடங்கியது.

அடிப்படை அளவு இறங்கியது, ஆனால் சிதறல் போகவில்லை. பத்துக் காலிக் குப்பிகளில் ஏழு அமைதியாக இருந்தன, மூன்றில் பெரிய சிகரம். காற்றுக் கசிவு இப்படித் தேர்ந்தெடுத்துச் செய்யாது. அந்த மூன்றின் கார்பன்-13 மதிப்பும் காற்றைப்போல இல்லை. காற்று -8.5 பெர்மில் பக்கம். ஆள் நடமாடும் அறையில் மூச்சு கலந்து இன்னும் கீழே போகும். இவை அதற்கு மேலே இருந்தன, கார்பனேட்டின் பக்கமாக.

விடை வீட்டுக் குளியலறையில் இருந்தது. போர்வெல் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். குப்பிகளை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, பிறகு குழாய்த் தண்ணீரில் அலசி, கடைசியாக ஒரே ஒரு முறை தூயநீர் விட்டுக்கொண்டிருந்தோம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரே ஒரு துளி குப்பியின் அடியில் தங்கிக் காய்ந்தால் 15 மைக்ரோகிராம் கார்பனேட் மிஞ்சும். ஓட்டைவிட அதிகம்! நூறு மைக்ரோகிராம் மாதிரிகளை அளந்த காலத்தில் இது சிறு தவறாக மறைந்துகொண்டது. இப்போது ஓட்டையே விழுங்கிவிடும். அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர் குப்பியைத் தொடக் கூடாது என்று விதி. அமிலத்துக்குப் பிறகு ஐந்து முறை தூயநீர், பிறகு தலைகீழாகக் கவிழ்த்து அடுப்பில் உலர்த்தல்.

அதற்குப் பிறகு காலிக் குப்பியில் வந்தது ஏறத்தாழ 1 நானோமோல். இதைப் பூஜ்யமாக்க முடியாது. அளந்து கழிக்க மட்டும்தான் முடியும். காலிச் சிகரம் மிகச் சிறியது, அதன் ஐசோடோப்பு மதிப்பை நேரடியாக நம்ப முடியாது. அதனால் மதிப்பு தெரிந்த இரண்டு தரப்பொருள்களை வெவ்வேறு எடையில் ஓட்டினேன்: ஐஏஇஏ-603 (கார்பன் +2.46, ஆக்சிஜன் -2.37), என்பிஎஸ்-18 (கார்பன் -5.01, ஆக்சிஜன் -23.0). அளந்த மதிப்பை வாயு அளவின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் இரண்டும் இரண்டு சாய்ந்த கோடுகள். மாதிரி சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு கோடும் கலப்படத்தின் பக்கம் இழுபடுகிறது. இரண்டு சாய்வுகளிலிருந்து கலப்படத்தின் அளவு, மதிப்பு இரண்டையும் கணக்கிடலாம். கார்பனில் இது அழகாக வந்தது. 5 மைக்ரோகிராம் ஐஏஇஏ-603-இல் 0.3 பெர்மில் அளவுக்கு இருந்த விலகல், திருத்தத்துக்குப் பின் தரப்பொருளின் மதிப்பைச் சுற்றியே நின்றது.

ஆக்சிஜன் வரவில்லை.

இதில்தான் என் நேரம் அதிகம் போனது. கார்பனுக்குப் போட்ட அதே திருத்தத்தை ஆக்சிஜனுக்கும் போட்டால், பெரிய மாதிரிகள் சரியாக இருந்தன. சிறியவை கீழே சரிந்துகொண்டே போயின. மிகச் சிறியதில் அரை பெர்மில் குறைவு. சிகரம் சிறுத்தால் கருவியின் பதில் மாறுகிறது, அயனி மூலத்தில் (கருவிக்குள் வாயுவுக்கு மின்னூட்டம் தரும் பகுதி) ஏதோ நேர்கோட்டுத்தன்மைச் சிக்கல் என்று முடிவு கட்டினேன். மூன்று வாரம் அயனி மூலத்தின் மின்னழுத்தங்களைத் திருகிக்கொண்டிருந்தேன். ஒப்பீட்டு வாயுவை வெவ்வேறு உயரத்தில் விட்டுப் பார்த்தால் ஆக்சிஜன் அசையவே இல்லை. கருவி சரி. மாதிரி மட்டும் சரிகிறது.

ஒரு மாலை, குப்பிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். “ஏன் தம்பி, எப்பவும் பெருசுல ஆரம்பிச்சு சிறுசுல முடிக்கிற?”

பழக்கம்தான். எடை பார்க்கும் வரிசையிலேயே அடுக்கிவிடுவேன். ஒரு தட்டில் 30 குப்பி. எல்லாவற்றுக்கும் தொடக்கத்திலேயே ஒரே மூச்சில் அமிலம் விட்டுவிடுவேன். ஒவ்வொன்றையும் அளக்க 20 நிமிடம். ஆகவே முதல் குப்பியின் வாயு அமிலத்தோடு ஒரு மணி நேரம் இருந்தால், கடைசிக் குப்பியின் வாயு பத்து மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. சிறியவை எல்லாம் கடைசியில். நான் எடையால் வந்தது என்று நம்பியது காத்திருப்பால் வந்ததாக இருக்கலாம்.

அடுத்த நாள் ஒரே எடையில் பன்னிரண்டு ஐஏஇஏ-603 குப்பிகள் எடுத்து, இரவு முழுவதும் இடைவெளி விட்டு அளந்தேன். காலையில் வரைபடத்தைப் பார்த்தபோது கை நடுங்கியது. கார்பன் கிடைக்கோடு. ஆக்சிஜன், மணிக்கு மணி, சீராகக் கீழே இறங்கும் படிக்கட்டு.

கார்பன் அசையாமல் ஆக்சிஜன் மட்டும் நகர்ந்தால் அங்கே தண்ணீர் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரைத் தொட்டால் தன் ஆக்சிஜனை அதோடு மாற்றிக்கொள்ளும். கார்பனை மாற்றிக்கொள்ள தண்ணீரில் கார்பன் இல்லை. ஒரே வாயுவிலிருந்து இரண்டு தனிமங்களை அளப்பதன் பெரும் பயன் இது. ஒன்று மற்றதற்குச் சாட்சி. அந்தச் சாட்சி மூன்று வாரமாகச் சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வேண்டிய பாஸ்பாரிக் அமிலம் 100 சதவீதத்துக்கும் மேலானது. 105 சதவீதம் என்றால், தண்ணீரே இல்லாத அமிலத்தில் இன்னும் பாஸ்பரஸ் பென்டாக்சைடு கரைந்திருக்கிறது என்று பொருள்; எங்காவது ஈரம் வந்தால் முதலில் அதைத் தானே உறிஞ்சித் தீர்க்கும். தேன்போலக் கெட்டியாக இருக்கும், அடர்த்தி 1.9-க்கு மேல். எங்கள் அமிலத்தை ஐப்பசி மழையில் தயாரித்து, பெரிய புட்டியில் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் திறந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு திறப்பிலும் கடற்கரையின் ஈரக் காற்றைக் குடித்திருக்கிறது. அடர்த்தி பார்த்தேன், இறங்கியிருந்தது.

இந்தத் தவறு எந்தப் பக்கம் தள்ளியது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதற்றம் வருகிறது. ஆக்சிஜன்-18 குறைந்தால் வங்காள விரிகுடாவில் அதற்குப் பொருள், கடல் சூடாக இருந்தது அல்லது மழைநீரும் ஆற்றுநீரும் அதிகமாகக் கலந்தன என்பது. அரை பெர்மில் என்றால் இரண்டு டிகிரிக்கும் மேல். தரப்பொருள்களை முதலிலும் ஓடுகளைக் கடைசியிலும் வைத்து ஓட்டியிருந்தால், அமிலப் புட்டிக்குள் புகுந்த ஈரத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பெருமழை என்று எழுதியிருப்பேன். எண்கள் பார்க்க நன்றாகவே இருந்திருக்கும், யாரும் கேள்வி கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

புதிய அமிலம் தயாரித்தோம். 85 சதவீத அமிலத்தில் பென்டாக்சைடை ஒரு நேரத்தில் ஒரு கரண்டி, அதற்கு மேல் கூடாது. சீறிக்கொண்டு சூடேறும், புகைபோக்கி அறையும் முகக்கவசமும் கட்டாயம். கரைந்தபின் பல மணி நேரம் சூடுபடுத்தி, அடர்த்தி பார்த்து, சிறு சிறு புட்டிகளில் பிரித்து மூடினோம். ஒரு தட்டுக்கு ஒரு புட்டி. மிச்சத்தைத் திரும்ப ஊற்றுவதில்லை. அதைவிட முக்கியமான மாற்றம் நேரம். இப்போது 20 நிமிடத்துக்கு ஒரு குப்பியாக அமிலம் விடுகிறேன். ஒவ்வொன்றும் சரியாக 60 நிமிடம் வினைபுரிந்து பொறிக்குப் போகிறது. ஓட்டுக்கு என்ன நடக்கிறதோ அதுவே, அதே எடையில், அதே நேரத்தில், தரப்பொருளுக்கும் நடக்க வேண்டும். தட்டின் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறேன்.

படிக்கட்டு மறைந்துவிட்டது. 10 மைக்ரோகிராம் தரப்பொருளில் ஆக்சிஜன் சிதறல் 0.1 பெர்மில்லுக்குள்ளும், கார்பன் அதற்கும் குறைவாகவும் நிற்கின்றன. 5 மைக்ரோகிராமில் ஆக்சிஜன் ஏறத்தாழ இரட்டிப்பாகச் சிதறுகிறது.

ஓடுகளை ஓட்டத் தொடங்கியபின் ஒரு சின்ன தொல்லை. சில குப்பிகளில் ஒன்றுமே வரவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் ஓடு குப்பியின் சுவரில், அமில மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு முழுசாக இருந்தது. ஏசி அறையில் கண்ணாடி நிலைமின்னூட்டம் பெற்று ஓட்டை இழுத்துக்கொள்கிறது. இப்போது ஒரு துளி எத்தனாலோடு அடியில் இறக்கி, உலரவிட்டு, கைவிளக்கால் ஒவ்வொரு குப்பியின் அடியையும் பார்த்து உறுதி செய்தபிறகே மூடுகிறேன்.

சேற்றின் முதல் அடுக்கிலிருந்து நாற்பது ஓடுகள் முடிந்திருக்கின்றன. அவற்றின் ஆக்சிஜன் சிதறல் தரப்பொருளின் சிதறலைவிடப் பல மடங்கு அகலம். அந்த அகலம் கருவியுடையது அல்ல, கடலுடையது என்று இப்போது தயங்காமல் சொல்ல முடிகிறது. கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்ற ஆறு ஓடுகளின் குப்பி எண்களை மட்டும் தனியே எடுத்து, தட்டில் எங்கே இருந்தன என்று சரிபார்த்தேன். 3, 7, 12, 19, 22, 28. வரிசை எதுவும் இல்லை. 4 மைக்ரோகிராமுக்குக் கீழான ஓடுகள் பதினொன்று ஒரு கண்ணாடிப் பலகையில் எண்ணிட்டு மூடி வைத்திருக்கிறேன். காலிக் குப்பியை இன்னும் பாதியாகக் குறைக்கும் வரை அவற்றில் அமிலம் விடப்போவதில்லை. நாளைய தட்டில் முதல் மூன்று இடமும் காலிக் குப்பிகளுக்குத்தான்.